சேலத்தில் இருக்கிறேன், ட்ராக் டே (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) போக ஆசை. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா, புதியதா?

உங்களுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும், பெங்களூரில் வேலை, வாரக் கடைசியில் சேலம், கார் லோனுக்கு ஏற்கெனவே பேசிவிட்டீர்கள். இதெல்லாம் நானாக வைத்துக்கொள்வதுதான். இதே நிலையில் இருந்த என் அக்கா மகன் இதே கேள்வியைக் கேட்டான். கேட்டுவிட்டு, நான் சொன்னதைக் காதில் வாங்காமல் செகண்ட் ஹேண்ட்தான் என்றாலும் புதுத் தலைமுறைக் காரான ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 230 வாங்கிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றான்.

என்னிடம் இருப்பது 2002ஆம் வருட ஹோண்டா சிட்டி வி-டெக். 1.5 லிட்டர், 106 குதிரைசக்தி. இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்கிறாரே என்று சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். இரண்டு கதவு போர்ஷே வைத்திருப்பவர் யாரும் இங்கே வந்து இந்தக் கேள்வியைக் கேட்கப் போவதில்லை. செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்துகிற எனக்கு எட்டிய ஸ்போர்ட்ஸ் கார் இதுதான்.

என் பதில்: முதல் ட்ராக் கார் என்றால் பழையது, எடை குறைந்தது, கையால் கியர் போடுவது. வேகத்துக்காகச் சொல்லவில்லை. வேகத்தில் புதியதுதான் ஜெயிக்கும், அதில் எனக்கு யாருடனும் சண்டை இல்லை.

இரண்டு கார்களையும் ஒரே நாளில் கோவைக்கு ஓட்டிக்கொண்டு போனோம். செட்டிப்பாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே தெரிந்திருக்கும். 2003இல் திறந்தது, சுற்று இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நீளமான நேர்ச்சாலை அதிகம் கிடையாது, வளைவு மாற்றி வளைவு வந்துகொண்டே இருக்கும். காலை முதல் செஷனில் அவன் என்னைத் தாண்டிப் போனதைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு லிட்டர் டர்போ, 230 குதிரைசக்தி, வளைவிலிருந்து வெளியே வந்ததும் காணாமல் போய்விட்டான். "மாமா, உங்க டப்பாவை வித்துடுங்க" என்று பேடாக்கில், அதாவது கார்களை நிறுத்திவைக்கிற இடத்தில், நின்று சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேனோ என்று நீங்கள் நினைத்தால், ஓரளவு உண்மை.

இரண்டாவது செஷனில் வெயில் ஏறியது. சில சுற்றுகளிலேயே அவனுடைய பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போக ஆரம்பித்தது. பயந்துபோய் மெதுவாக உருட்டிக்கொண்டு வெளியே வந்தான். முன்சக்கரங்களிலிருந்து வாடை, லேசான புகை. "நான் பிரேக்கை அவ்வளவா மிதிக்கவே இல்ல மாமா" என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. வளைவில் உள்பக்கச் சக்கரம் வழுக்கப் பார்த்தால், அந்த ஒரு சக்கரத்தின் பிரேக்கை மட்டும் கம்ப்யூட்டரே பிடித்து காரை உள்ளே திருப்பும். ஈ.எஸ்.பி.யும் அப்படித்தான், வண்டி அலைந்தால் பிரேக்கை வைத்தே நேராக்கும். ரோட்டில் எப்போதோ ஒரு தடவை உயிரைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு அது. ட்ராக்கில் ஒவ்வொரு வளைவிலும் வேலை செய்தால், கால் படாமலே பிரேக் பேட் காய்ந்துகொண்டிருக்கும்.

எடைக் கணக்கையும் பாருங்கள். ஓடுகிற காரின் ஆற்றல் எடையோடும், வேகத்தின் வர்க்கத்தோடும் ஏறும். ஒரு டன் கார் 120இல் வருகிறது, 1.45 டன் கார் 150இல் வருகிறது என்று வைத்துக்கொண்டால், அடுத்த வளைவுக்குள் பின்னதன் பிரேக் இரண்டு மடங்குக்கும் அதிகமான சூட்டை விழுங்க வேண்டும். அதற்கேற்ற பெரிய டிஸ்க்கைக் கம்பெனி போட்டிருக்கும்தான். ஆனால் அது ரோட்டுக்குப் போட்டது. பிரேக் ஆயில் விஷயம் வேறு. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகு 155 வரைக்கும்தான் உத்தரவாதம். அவன் காரில் முந்தைய ஓனர் எப்போது ஆயில் மாற்றினார் என்று யாருக்குத் தெரியும்? கொதித்தால் ஆவிக் குமிழ், குமிழ் இருந்தால் பெடல் பஞ்சு.

மதியம் கார் மாற்றி ஓட்டினோம். இதுதான் நான் உண்மையில் சொல்ல வந்தது. என் காரில் ஏ.பி.எஸ். கிடையாது, அதாவது பிரேக் மிதித்தால் சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு. அவன் முதல் வளைவிலேயே ஒரே மிதியாக மிதித்து முன்சக்கரங்களை லாக் செய்து, டயர் கத்த, நேராக மண்ணுக்குப் போனான். திரும்பி வந்தான், மறுபடி போனான். நாலரை மணிக்குள் அந்தப் பையன் பிரேக்கை முதலில் அழுத்தி, வளைவுக்குள் நுழைய நுழைய மெல்ல விடக் கற்றுக்கொண்டான். எடை முன்னால் சாய்வதும், முன்டயர் பிடிக்கிற நேரமும் ஸ்டியரிங்கில் அவனுக்குத் தெரிந்தது. அவனுடைய காரில் நான் ஓட்டிய சுற்றுகள் என் சிட்டியில் ஓட்டிய எல்லாவற்றையும்விட வேகம். அதில் என் பங்கு எவ்வளவு, காரின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

கரி என்ற பெயருக்குப் பின்னால் இருப்பவர் கோவைக்காரர் எஸ். கரிவர்தன். மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டியவர், 1995இல் விமான விபத்தில் இறந்தார். ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் ஆரம்பித்ததே அந்த வண்டிகளில்தான். அந்த எஞ்சினை டப்பா என்று யாரும் சொல்வதில்லையே!

இப்போது கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு. ஆமாம், ஏர்பேக் இல்லாத இருபது வருடக் கார் மோதினால் அடி பலமாக இருக்கும். துருப்பிடித்த பாடி, விரிசல் விட்ட புஷ், ஆடுகிற பால் ஜாயிண்ட் உள்ள வண்டியை ட்ராக்குக்குக் கொண்டு வாருங்கள் என்று நான் எங்கும் சொல்லவில்லை. உதிரிபாகம் தேடி சென்னை புதுப்பேட்டை வரை அலைய வேண்டிவரும், அதுவும் உண்மை. இத்தனைக்கும் பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டவர் புதியது வாங்கினால் நானே ஸ்வீட் வாங்கிக்கொண்டு வருவேன்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "கோவைக்கு எதுக்குண்ணா, நம்ம ஏற்காடு இருக்கே" என்பவர்கள். அடிவாரத்திலிருந்து மேலே இருபது கொண்டை ஊசி வளைவு. ஞாயிறு காலையில் கோரிமேடு டீக்கடையில் நின்று பாருங்கள், சைலன்ஸரை அறுத்துவிட்ட வண்டிகள் வரிசையாகப் போகும். எதிரே வருகிற பஸ் வளைவில் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும், அதற்கு வேறு வழி கிடையாது. காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஓரத்தில் நடந்து வருவார்கள். அவர்கள் உங்கள் லேப் டைமுக்குக் கையெழுத்துப் போடவில்லை. மலையில் என் சிட்டி இரண்டாவது கியரில் இறங்கும், பின்னால் ஹாரன் அடித்தாலும் அப்படியேதான் இறங்கும்.

அப்புறம் பெட்ரோல். கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. பழைய கார்களின் ரப்பர் ஹோஸும் சீலும் அதற்காகச் செய்தவை அல்ல. போன வருடம் என் காரில் ஃப்யூயல் ஹோஸ் கசிந்தது. எத்தனாலால்தான் என்று நிரூபிக்க என்னால் முடியாது, ஹோஸுக்கும் வயதாகிவிட்டது. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. விலை மட்டும் குறையக் காணோம். இதை எந்தப் பங்க்கில் கேட்டாலும் மீதிச் சில்லறையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

சரி, எந்தக் கார் வாங்கினாலும்: போகிற வாரம் பிரேக் ஆயிலை முழுதாக மாற்றுங்கள். பேட் பாதிக்கு மேல் இருக்கட்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள், முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், கடைசி இரண்டு இலக்கம் தயாரான வருடம். டயரில் ரோட்டைப் பிடிக்கிற பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருந்தால் வேண்டாம். சூடாகும்போது காற்றழுத்தம் ஏறும், செஷன் முடிந்ததும் அளந்து குறையுங்கள். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள், நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் இழுக்காதீர்கள், கியரில் போட்டு சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இன்சூரன்ஸ் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனைக்கெல்லாம் பாதுகாப்பு இல்லை என்று சாதாரண கார் பாலிசியில் எழுதியிருக்கும். லோன் பாக்கியுள்ள புதுக் காரைச் சுவரில் சாத்தினால் தவணையும் உங்களுடையது, தகரமும் உங்களுடையது. என் அக்கா மகனுக்கு இன்னும் மூன்று வருடம் தவணை இருக்கிறது. அவன் இப்போது கரிக்கு என் காரைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போகிறான், பெட்ரோல் மட்டும் அவன் செலவு.