சவூதியில் இருப்பது முழு மன்னராட்சி. இஸ்லாமிய நாட்டில் அது எப்படிப் பொருந்துகிறது?

கேள்வியின் உள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது: குர்ஆனே அரசியலமைப்பு என்று அறிவித்த நாட்டில், மன்னரின் சொல் இறுதியாவது எப்படி? ரியாத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்தவன் நான், முஸ்லிமும்கூட. எனக்குள் வெகுநாள் ஓடிய கேள்வி இது.

2015 ஜனவரி 23, வெள்ளிக்கிழமை. மன்னர் அப்துல்லா வஃபாத்தான (இறந்த) செய்தி விடியும் முன்பே வந்துவிட்டது. ரியாத்தின் பத்தா பகுதியில் எங்கள் அறையில் நான்கைந்து பேர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பின் ஜனாஸா, அதாவது இறுதிச் சடங்கு. சாதாரணத் துணி போர்த்திய மையித்தை (உடலை) தோளில் தூக்கி வந்து, அல் ஊத் மையவாடியில் பெயர்ப்பலகை இல்லாத கபரில் அடக்கினார்கள். கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கவில்லை; அதில் கலிமா (இஸ்லாத்தின் உறுதிமொழி) இருப்பதால் யாருக்காகவும் இறக்குவதில்லை. அன்று இரவே புதிய மன்னர் சல்மானிடம் பைஅத் (விசுவாசப் பிரமாணம்) செய்ய இளவரசர்களும் மார்க்க அறிஞர்களான ஆலிம்களும் அதிகாரிகளும் வரிசையில் நின்றார்கள். இறந்தபின் எல்லா முஸ்லிமையும் போல ஒரு பிடி மண். உயிரோடு இருக்கும்வரை நாடே கைக்குள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தது மனதை விட்டு அகலவே இல்லை.

மார்க்கத்திலிருந்து தொடங்குகிறேன். ஆட்சி முறை இன்னதுதான் என்று குர்ஆன் வரையறுக்கவில்லை. முஃமின்களின் (இறைநம்பிக்கையாளர்களின்) காரியங்கள் தங்களுக்குள் கலந்தாலோசித்து நடக்கும் என்கிறது 42:38. ஷூரா (கலந்தாலோசனை) என்ற சொல் அங்கிருந்து வருவது. மன்னர்களான தாவூத், சுலைமான் நபிமார்களைப் புகழ்கிறது. மன்னர்கள் ஓர் ஊருக்குள் நுழைந்தால் அதைச் சீரழிப்பார்கள் என்று சபா நாட்டு அரசி சொன்னதையும் பதிவு செய்கிறது (27:34). நபியவர்களுக்குப் பின் வந்த நான்கு கலீஃபாக்களில் யாரும் தந்தையிடமிருந்து பதவியை வாங்கியவர் அல்லர். 661ல் ஆட்சிக்கு வந்த முஆவியா, தன் மகன் யஸீதுக்கு முன்கூட்டியே பைஅத் வாங்கினார். வாரிசு முறை அங்கே தொடங்குகிறது. பைஅத் என்ற சடங்கு நீடித்தது. தேர்வு செய்யும் உரிமை அதிலிருந்து நழுவியது. இது என் கருத்து, மறுப்பவர்கள் இருப்பார்கள்.

சவூதியின் கதை 1744ஐ ஒட்டித் தொடங்குகிறது என்றுதான் நான் படித்திருந்தேன். ரியாதுக்குப் பக்கத்துத் திர்இய்யாவின் ஆட்சியாளர் முகம்மது இப்னு சவூதும், மார்க்க அறிஞர் முகம்மது இப்னு அப்துல் வஹ்ஹாபும் செய்த உடன்படிக்கை அது. வாள் ஒருவரிடம், ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) மற்றவரிடம். அந்த அரசை 1818ல் எகிப்தின் இப்ராஹிம் பாஷா அழித்தார். இரண்டாவது அரசு 1891ல் விழக் காரணம் உள்வீட்டுச் சண்டை. குவைத்தில் அகதியாக வளர்ந்த, அதே சவூது குடும்பத்து அப்துல் அஸீஸ் 1902ல் சில பத்துப் பேரோடு வந்து ரியாதின் மஸ்மக் கோட்டையைப் பிடித்தார். 1932ல் சவூதி அரேபியா என்ற பெயர். 1938ல் தம்மாமில் எண்ணெய்.

பலரும் கவனிக்காத இடம் இதுதான்: இந்த வரலாற்றில் மன்னர் தனியாக ஆண்டதே இல்லை. 1929ல் தன் சொந்தப் பழங்குடிப் படையான இக்வான்கள் கலகம் செய்தபோது, ஜிஹாத் அறிவிக்கும் உரிமை ஆட்சியாளருக்கே என்று உலமாக்கள், அதாவது ஆலிம்கள், பக்கத்தில் நின்றதால்தான் அப்துல் அஸீஸால் அவர்களை ஒடுக்க முடிந்தது. 1964ல் அப்துல் அஸீஸின் மகனான மன்னர் சவூதையே குடும்பம் கூடி இறக்கியது, உலமாக்களின் ஃபத்வாவோடு. தம்பி ஃபைசல் மன்னரானார். சவூது நாட்டுக்கு வெளியே 1969ல் இறந்தார். 1979 நவம்பரில் ஜுஹைமான் என்ற தீவிரவாதியின் ஆட்கள் கஃபா இருக்கும் ஹரம் ஷரீஃபையே கைப்பற்றியபோது, உள்ளே ஆயுதம் எடுக்க அரசு முதலில் உலமாக்களின் ஃபத்வாவை வாங்கியது. ரத்தம் சிந்தக் கூடாத இடம் அல்லவா? அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு உலமாக்களின் கை ஓங்கியது. பள்ளிப் பாடம் முதல் தெருவரை அது தெரிந்தது.

குடும்பமும் அப்படித்தான். பாதுகாப்புத் துறை இளவரசர் சுல்தானிடம், உள்துறை நாயிஃபிடம், தேசியக் காவல்படை அப்துல்லாவிடம் என்று பல பத்தாண்டுகள். அண்ணன் தம்பிகளின் சம்மதம் இல்லாமல் மன்னர் பெரிதாக எதையும் அசைக்க முடியாது. 1992ன் அடிப்படைச் சட்டம் அத்தனை அதிகாரத்தின் முடிவிடமும் மன்னரே என்று 44ம் பிரிவில் எழுதிவைத்தது உண்மைதான். ஆனால் எழுத்தில் இருந்த அளவு அதிகாரம் நடைமுறையில் இல்லை. அந்தச் சட்டத்தின் பெயரையும் பாருங்கள். அரபியில் சட்டத்துக்குக் கானூன் என்ற சொல் உண்டு. சட்டம் இயற்றுவது இறைவனுக்கே உரியது என்ற நம்பிக்கையால் சவூதி அரசு அதைத் தவிர்த்து, நிஸாம், அதாவது ஒழுங்குமுறை, என்றே எழுதுகிறது. ஷரீஅத்துக்கு முன்னால் மன்னரும் பணிந்துதான் நிற்க வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

நான் அங்கே இருந்தபோதுதான் இந்தக் கட்டு அவிழ்ந்தது. 2016 ஏப்ரலில் முத்தவ்வாக்களின் (மார்க்கக் காவலர்களின்) கைது செய்யும் அதிகாரம் போனது. அதுவரை பாங்கு சொன்னதும் கடை ஷட்டரை இறக்குபவர்கள் தெருவில் அவர்கள் வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். 2017 ஜூனில் மன்னரின் மகன் முகம்மது பின் சல்மான் பட்டத்து இளவரசர் ஆனார். நவம்பரில் அப்துல்லாவின் மகன் கையிலிருந்த தேசியக் காவல்படை பறிபோனது. அதே நாளில் இளவரசர்களும் பெரும் வணிகர்களும் ரியாத் ஹோட்டல் ஒன்றில் அடைக்கப்பட்டார்கள். பெண்கள் கார் ஓட்டியதும் தியேட்டர்கள் திறந்ததும் 2018ல். அவற்றில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவற்றைத் தந்த அதே கை, வேண்டாம் என்று சொல்லக்கூடிய உலமாவையும் சித்தப்பாவையும் அகற்றிவிட்டது. அது எனக்குக் கவலை தருகிறது.

எனவே என் பதில்: அங்கே மன்னராட்சி பழையது, 'முழு' என்ற சொல் பொருந்த ஆரம்பித்தது கடந்த பத்து வருடத்துக்குள்தான். இஸ்லாம் அதைக் கட்டளையிடவில்லை. இஸ்லாத்தின் பெயரால் மன்னரைத் தடுத்து நிறுத்தக்கூடியவர்கள் இல்லாமல் போனதில் அது முழுமையானது.

2022 முதல் பிப்ரவரி 22ஐ ஸ்தாபக தினமாகக் கொண்டாடுகிறார்கள். 'நாம் தொடங்கிய நாள்' என்ற வாசகத்தோடு அதன் சின்னத்தில் இருக்கும் ஆண்டு 1727, முகம்மது இப்னு சவூது ஆட்சிக்கு வந்த ஆண்டு. இப்னு அப்துல் வஹ்ஹாப் திர்இய்யாவுக்கு வர அப்போது இன்னும் பதினேழு வருடம் இருந்தது.