குத்தாத வாக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுகலை வரலாறு படிக்கிறேன். 1952 சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தல் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 375 தொகுதிகளில் காங்கிரஸ் வென்றது 152. வாக்குகளில் ஏறக்குறைய 35 சதவீதம். அதாவது 65 சதவீத மக்கள் நிராகரித்த கட்சி. அப்படியிருந்தும் தேர்தலிலேயே நிற்காத ராஜாஜி மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதல்வரானார். இது மக்கள் தீர்ப்பைத் திருடியது ஆகாதா? இன்னொன்று, எழுத்தறிவில்லாத பாமர மக்கள் கட்சியோ கொள்கையோ தெரியாமல் காளை மாட்டுப் படத்தில் முத்திரை குத்திவிட்டு வந்ததை ‘ஜனநாயகத் திருவிழா’ என்று கொண்டாடுவது மிகையில்லையா? தி.மு.க. அன்றே போட்டியிட்டிருந்தால் முடிவு மாறியிருக்குமா? என் அட்டவணையை இணைத்திருக்கிறேன்.

எம்.,
நாமக்கல்

அன்புள்ள எம்,

அட்டவணையைப் பார்த்தேன். காங்கிரஸ் 152, கம்யூனிஸ்ட் 62, கிசான் மஸ்தூர் பிரஜா 35, தமிழ்நாடு உழைப்பாளர் 19 என்று தொடங்கி, ஒற்றை இடம் பெற்ற ஜஸ்டிஸ் கட்சியையும் விடாமல், சுயேச்சைகள் 62 வரைக்கும் கூட்டி 375-ஐக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். கட்சிக்காரர்கள்கூட இப்படி மெனக்கெடுவதில்லை. இவ்வளவு கவனமான பிள்ளை ‘முத்திரை குத்திவிட்டு’ என்று எழுதியதைத்தான் பொறுக்க முடியவில்லை. கொஞ்ச நாளாக நானும் இந்தத் தேர்தலின் கணக்குகளைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் பதில் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில்லறை விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். 1950 ஜனவரி 26-க்குப் பிறகு அது மாகாணம் இல்லை, மாநிலம். அன்றைய பத்திரிகைத் தமிழில் ராஜ்யம். தி.மு.க. நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஜோசியரிடம் கேளுங்கள். திராவிட நாட்டுக் கோரிக்கையை ஏற்றுக் கையெழுத்துப் போட்ட வேட்பாளர்களை அது ஆதரித்தது. கட்டுரைக்கு அது போதும்.

ராஜாஜி. 152 பேரை வைத்துக்கொண்டு காங்கிரசால் தனியாக ஆட்சி அமைக்க முடியாது. எதிரணியைச் சேர்த்து 166 பேர் என்று ஆந்திரத் தலைவர் பிரகாசம் உரிமை கோரினார். ஆளுநர் ஸ்ரீபிரகாசா ராஜாஜியை மேலவைக்கு நியமித்தார். ஏப்ரல் 10-ல் பதவியேற்பு. அந்த நியமனத்தை எதிர்த்துக் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் போனார், மனு தள்ளுபடி. ஜூலை 3-ல் சட்டமன்ற நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 200, எதிர்ப்பு 151, ஒருவர் நடுநிலை. சட்டப்படி செல்லும். உரிமை கோரிய அணியை முதலில் கூப்பிட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் தீர்ப்பைத் திருடினார்கள் என்று சொல்ல வேண்டுமானால் தீர்ப்பு என்ன என்று முதலில் தெரிய வேண்டுமே? 35 சதவீதம் என்கிறீர்களே, எதில் 35?

இதற்குப் பதில் சொல்லத்தான் அந்தக் ‘குத்தினார்கள்’ தடையாக இருக்கிறது. 1952-ல் யாரும் எதிலும் குத்தவில்லை.

சாவடிக்குள் நடந்தது இது. பட்டியலில் பெயரைச் சரிபார்ப்பார்கள். இடக்கை ஆள்காட்டி விரலில் மை வைப்பார்கள். பிறகு ஒரு ரூபாய் நோட்டளவு ஒரு தாள் கொடுப்பார்கள். நாசிக்கில், அரசின் பாதுகாப்பு அச்சகத்தில் அடித்தது. அதில் வேட்பாளர் பெயர் கிடையாது, சின்னம் கிடையாது, குத்துவதற்குக் கட்டமும் கிடையாது. வரிசை எண் இருக்கும், ஒரு பட்டை இருக்கும். மக்களவைக்குப் பச்சை, சட்டமன்றத்துக்குப் பழுப்பு. தாளோடு மறைப்புக்குள் போனால் வரிசையாக எஃகுப் பெட்டிகள். ஒரு வேட்பாளருக்கு ஒரு பெட்டி, அதன்மேல் அவருடைய சின்னம். பிடித்த பெட்டியில் தாளைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். பேனா வேண்டாம், மை வேண்டாம், கையெழுத்து வேண்டாம்.

அதாவது வாக்கு தாளில் இல்லை, பெட்டியில் இருந்தது. பெட்டிக்கு வெளியே இருக்கும்வரை அந்தத் தாள் வெற்றுத்தாள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அந்தத் தேர்தலில் சரியாக நடந்தது, கெட்டுப்போனது எல்லாவற்றுக்கும் காரணம் புரியும்.

முதலில் சுமை. ஒரு தொகுதியில் 6 வேட்பாளர், 80 சாவடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 480 பெட்டி. கூட்டம் அதிகமாகி ஒன்று நிரம்பினால் மாற்றுப் பெட்டி. இதே சாவடிக்கு மக்களவை வேட்பாளர்களின் பெட்டிகளும் வர வேண்டும். நாடு முழுவதும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட எஃகுப் பெட்டிகள், 8,200 டன் எஃகு. பெரும்பங்கு பம்பாய் விக்ரோலியில் கோத்ரெஜ் ஆலையில் செய்தது. தேர்தலை நடத்திய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் கணிதம் படித்த ஐ.சி.எஸ். அதிகாரி. அவருக்கு இது கணக்குப் பாடமாகத்தான் தெரிந்திருக்கும். மாட்டுவண்டியில் ஏற்றி இறக்கியவர்களுக்கு வேறு மாதிரி தெரிந்திருக்கும்.

அடுத்தது பிழைகள். எங்கே போடுவது என்று தெரியாமல் பெட்டிக்கு மேலேயே தாளை வைத்துவிட்டு வருகிறவர்கள். அது எண்ணிக்கையில் சேராது. அதைவிட மோசம், அடுத்து வருகிறவர் அதையும் எடுத்துத் தனக்குப் பிடித்த பெட்டியில் தள்ளிவிடலாம். மறைப்புக்குள் இருப்பவரை யாரும் பார்க்க முடியாதே. இன்னொரு வழி, தாளைப் போடாமலே மடியில் செருகிக்கொண்டு வெளியே வருவது. தாளில் எந்தக் குறியும் இல்லாததால் வெளியே அதற்கு விலை உண்டு. பத்துப் பேரிடம் வாங்கி ஒரு நம்பிக்கையான ஆளிடம் கொடுத்தால் அவர் உள்ளே போய்ப் பதினொன்றாகப் போட்டுவிட்டு வருவார். சின்னச் சீட்டு கிழிந்தாலோ, யாராவது கிழித்தாலோ, அதற்குப் பின்னால் வருகிறவர் எந்தப் பெட்டி யாருடையது என்று தடுமாறுவார். பெட்டிகளைத் திறந்தபோது பூவும் காசும் மனுக்களும் கிடந்த ஊர்களும் உண்டு. சாமி உண்டியலுக்கும் இதற்கும் அப்போது பெரிய வித்தியாசம் தெரியவில்லை போலிருக்கிறது. எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை.

நீங்கள் சொல்லும் குத்துமுறை நாடு முழுவதும் பொதுத் தேர்தலுக்கு வந்தது 1962-ல். தாளிலேயே எல்லாப் பெயரும் எல்லாச் சின்னமும், எல்லாத் தாளும் ஒரே பெட்டியில். பெட்டிகள் குறைந்தன, தாளை விற்பதும் கடினமாயிற்று. பதிலுக்குப் புதுத் தொல்லைகள். இரண்டு சின்னங்களுக்கு நடுவே விழுந்த முத்திரை, ஈரம் காயாமல் மடித்ததில் எதிர்ப்பக்கம் ஒட்டிய மை. செல்லாத வாக்கு என்று நாம் இன்று நினைத்துக்கொள்வது அதற்குப் பிறகு வந்த சங்கதி.

1952 தாளும் செல்லாமல் போகலாம், வேறு விதமாக. மத்தியப் பிரதேசம் ஹோஷங்காபாத் மக்களவைத் தொகுதியில் சோபாப்பூரின் இரண்டு சாவடிகளில் பச்சைப் பட்டைத் தாளுக்குப் பதில் பழுப்புப் பட்டைத் தாளைக் கொடுத்துவிட்டார்கள். வாக்காளர் தப்பு ஒன்றுமில்லை, சரியான பெட்டியில்தான் போட்டார்கள். அப்படி 443 தாள். அதில் சையத் அகமது இஷாக்குக்கு 301, ஹரி விஷ்ணு காமத்துக்கு 62. முடிவில் இஷாக் 65,375, காமத் 65,201. வித்தியாசம் 174. அந்தத் தாள்களைக் கழித்தால் காமத் 65 வாக்கு முன்னால். 1954 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தவறான தாள் செல்லாது என்றது. ஆனால் காமத்துக்கு நாற்காலியைத் தூக்கிக் கொடுக்கவும் இல்லை, அதிகாரிகளின் பிழையால் அத்தனை பேரின் வாக்கு போனதே என்று தேர்தலையே ரத்து செய்தது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு.

இப்போது உங்கள் 35-க்கு வருகிறேன். 375 தொகுதி என்று எழுதியிருக்கிறீர்கள். 375 என்பது இடங்கள். தொகுதிகள் 309. அதில் 243 ஒற்றை உறுப்பினர் தொகுதி, 66 இரட்டை. அந்த 66-ல் 62 தாழ்த்தப்பட்டோருக்கு ஓரிடம் ஒதுக்கியவை, 4 பழங்குடியினருக்கு. இரட்டைத் தொகுதியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு தாள். மக்களவையும் இரட்டையாக அமைந்துவிட்டால் ஒரே கிழவி கையில் நான்கு தாள். இரண்டையும் ஒரே வேட்பாளருக்குப் போட்டால் ஒன்றுதான் செல்லும், மற்றது செல்லாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் எழுதியே வைத்தார்கள். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு மற்றதை வீணாக்கவும் தடையில்லை. தன் ஆள் ஜெயிக்க வேண்டும், இரண்டாவது தாள் போட்டியாளருக்கு உரமாகிவிடக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படிச் செய்வதிலும் கணக்கு இருந்தது.

காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஓர் இரட்டைத் தொகுதியில் 1,000 பேர் வந்தார்கள். 2,000 தாள். 300 பேர் ஒன்றை வீணாக்கினார்கள், ஆகச் செல்லும் வாக்கு 1,700. ஒரு கட்சியின் பொது வேட்பாளருக்கு 480, அதே கட்சியின் ஒதுக்கீட்டு வேட்பாளருக்கு 430. மொத்தம் 910. உங்கள் அட்டவணை 53.5 சதவீதம் என்று போடும். எத்தனை பேர் அந்தக் கட்சியை ஆதரித்தார்கள்? அந்த 430 பேரும் 480-க்குள் அடக்கமானால் வெறும் 480 பேர், பாதிக்கும் குறைவு. ஒருவர்கூட இரண்டு பேருக்கும் போடவில்லையானால் 910 பேர், பத்துக்கு ஒன்பது. 48-ஆகவும் இருக்கலாம், 91-ஆகவும் இருக்கலாம். பெட்டியைத் திறந்தவருக்கும் தெரியாது, ஏனென்றால் இரண்டு தாளும் தனித்தனிப் பெட்டியில் விழுந்துவிட்டன. இந்த 53.5 என்பது எந்த மனிதருடைய சதவீதமும் இல்லை, தாள்களின் சதவீதம்.

இப்படி 66 தொகுதித் தாள்களையும் 243 தொகுதி மனிதர்களையும் ஒரே கூட்டலில் போட்டு வந்ததுதான் உங்கள் 35. போதாததற்கு, கம்யூனிஸ்ட் கட்சி எல்லா இடத்திலும் நிற்கவில்லை. அது நிற்காத இடங்களில் விழுந்த வாக்கையும் சேர்த்துத்தான் அதன் சதவீதத்தை வகுத்திருக்கிறீர்கள். இதிலிருந்து ‘65 சதவீத மக்கள் நிராகரித்தார்கள்’ என்ற வாக்கியத்துக்குத் தாவுவதற்கு வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை. உங்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, மேடையில் பேசுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் கூட்டல் சரிபார்த்து அனுப்புவதில்லை, நீங்கள் அனுப்பினீர்கள். அதனால்தான் கோபம்.

இரட்டைத் தொகுதியில் வெற்றியை அறிவிப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. ஒதுக்கீட்டு வேட்பாளர்களில் அதிக வாக்கு வாங்கியவருக்கு முதலில் ஒதுக்கிய இடம். பிறகு மீதமுள்ள எல்லாரிலும் யார் அதிகமோ அவருக்குப் பொது இடம், அவர் எந்தச் சமூகமானாலும். 1957-ல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில் இரண்டு இடத்தையும் பழங்குடி வேட்பாளர்களே பெற்றார்கள். தோற்றவர் வி.வி. கிரி. வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் அங்கேயும் தோற்றார், பிற்பாடு குடியரசுத் தலைவரானார். 1961-ல் சட்டம் போட்டு இரட்டைத் தொகுதிகளையே எடுத்துவிட்டார்கள்.

பாமர மக்கள் என்கிறீர்கள். 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுத்தறிந்தவர் ஆறில் ஒருவர்தான், மெய். காங்கிரசுக்கு நுகம் பூட்டிய இரட்டைக் காளை, உழவர் நாட்டில் இதைவிடத் தோதான படம் வேறில்லை. அந்தக் காளையைத் தாண்டித்தான் முதல்வர் குமாரசாமி ராஜாவைத் தோற்கடித்தார்கள். பக்தவத்சலத்தை, பெஜவாடா கோபால ரெட்டியை, கலா வெங்கட ராவை, மாதவ மேனனை, மந்திரிகளையெல்லாம் தோற்கடித்தார்கள். கதிர் அரிவாள் ஒட்டிய பெட்டியைத் தேடிப் போய்ப் போட்டு 62 பேரை அனுப்பினார்கள். கொள்கை தெரியாமலா? போகிற போக்கில் ஒன்று: அந்தத் தேர்தலில் உதயசூரியன் ராம ராஜ்ய பரிஷத்தின் சின்னம், கை ஃபார்வர்டு பிளாக்கின் ருய்கர் பிரிவுடையது. இன்று சின்னத்தைப் பார்த்தே கொள்கையைச் சொல்லிவிடும் படித்தவர்களை அன்றைய சாவடியில் நிறுத்தியிருந்தால் தாளைப் பெட்டிமேல் வைத்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

கடைசியாக ஒரு வருத்தம். நாமக்கல்லிலிருந்து எழுதுகிறீர்கள், பொன்னுசாமி வழக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. நாமக்கல் சட்டமன்றத் தொகுதிக்கு அவர் தந்த வேட்புமனுவை 1951 நவம்பர் 28-ல் பரிசீலனையின்போது தேர்தல் அதிகாரி தள்ளினார். அவர் உயர் நீதிமன்றம் போனார், அங்கிருந்து உச்ச நீதிமன்றம். 1952 ஜனவரி 21, மாநிலத்தில் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருக்கும் மாதம், ஆறு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஃபசல் அலி எழுதியது. தேர்தல் என்றால் வாக்குப்பதிவு நாள் மட்டுமில்லை, அறிவிக்கையிலிருந்து முடிவு வரைக்கும் முழுவதும் தேர்தல்தான். நடுவில் நீதிமன்றம் நுழையக் கூடாது. குறையிருந்தால் எல்லாம் முடிந்தபின் தேர்தல் மனு போடு. அரசியல் சட்டம் 329-ஆம் பிரிவுக்கு அன்று சொன்ன பொருளை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். உங்கள் ஊர்க்காரர் வேட்புமனு, தம்பி. கட்டுரையை அங்கிருந்தல்லவா தொடங்கியிருக்க வேண்டும்?

அட்டவணையை இரண்டாகப் பிரியுங்கள், 243 தனி, 66 தனி. ஒற்றைத் தொகுதிகளுக்கு மட்டும் சதவீதம் போடுங்கள். இரட்டைத் தொகுதிகளில் வேட்பாளர்வாரியாக வாக்கை எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள், வகுக்க வேண்டாம். முடிந்ததும் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.