ஷட்டவுன் ஆக இழுத்தடிக்கும் மண்டி கம்ப்யூட்டர்

அண்ணா, ஈரோட்டு மஞ்சள் மண்டியில் இருக்கிற விண்டோஸ் 10 கம்ப்யூட்டர் அணைய ஐந்து நிமிடம் ஆகிறது, ரேம் கூட்டியும் மாறவில்லை என்கிறீங்க. ரேம் இதுக்கு உதவாதுங்க. முதலில் ஈவென்ட் வியூவரில் (விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் இடம்) மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், ஆப்பரேஷனல் என்று உள்ளே போங்க. 200 என்ற நிகழ்வு எண்ணில் அணைய ஆன மொத்த நேரம் இருக்கும், 203 இருந்தால் அணைய விடாமல் பிடித்து வைத்த சர்வீஸ் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) பெயரோடு மாட்டும்.

ஒன்றும் சிக்கவில்லையா, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) மெமரி மேனேஜ்மென்ட் கீழே கிளியர்பேஜ்ஃபைல்அட்ஷட்டவுன் மதிப்பைப் பாருங்க. 1 என்று இருந்தால் ஒவ்வொரு தடவையும் பேஜ்ஃபைல் (ரேமுக்குத் துணையாக டிஸ்கில் இருக்கும் ஃபைல்) முழுவதையும் துடைத்த பிறகுதான் அணையும், பழைய ஹார்டு டிஸ்கில் அது நிமிடக் கணக்கில் இழுக்கும், அதனால் 0 ஆக்கிவிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. (பாதுகாப்பு என்று சொல்லி யாராவது மாற்றியிருப்பார்கள், மண்டிக் கணக்குக்கு அது தேவையே இல்லை.)

அப்புறம், பொறுமையில்லாமல் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்க மட்டும் வேண்டாங்க, கணக்கு ஃபைல் கெட்டுப்போகலாம்.