வாசகர் கேள்வி – பதில்: பதிவேட்டில் இல்லாத குழந்தையை வரைபடத்தில் தேடுவது

குழந்தைகளுக்கான தடுப்பூசிப் பணியில் செயற்கைக்கோள் படங்களும் ஜி.பி.எஸ். கருவிகளும் எவ்வாறு பயன்படுகின்றன என்று கேட்டு, களப்பணியாளர்கள், பெற்றோர், மாணவர்கள் எனப் பல தரப்பினரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: நான் ஒரு சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். எங்கள் பகுதியில் தட்டம்மைத் தடுப்பூசி நூறு விழுக்காட்டைத் தாண்டிவிட்டதாக அறிக்கை சொல்கிறது. ஆனாலும் ஒரு மூலையில் தட்டம்மை பரவியது. அறிக்கை பொய்யா? வரைபடம் இருந்தால் இந்த நிலை மாறுமா?

பதில்: அறிக்கை எழுதியவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் எண்ணிக்கையை, போட்டுக்கொள்ள வேண்டிய குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்துத்தான் விழுக்காடு கிடைக்கிறது. முதல் எண்ணை நீங்களே பதிவேட்டில் எழுதுகிறீர்கள். இரண்டாவது எண்ணோ, பல ஆண்டுகளுக்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்மேல் ஆண்டுக்கு இவ்வளவு என்று கூட்டிக்கொண்டே வந்து, மேலிடத்திலிருந்து உங்களுக்கு அனுப்பப்படும் மதிப்பீடு. இடையில் புதிய குடியிருப்புகள் தோன்றியிருந்தாலோ, பக்கத்துப் பகுதிப் பெற்றோர் உங்கள் நிலையத்துக்கே குழந்தைகளைத் தூக்கிவந்தாலோ, கணக்கு நூறைத் தாண்டுவதில் வியப்பில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தட்டம்மை பரவாமல் இருக்க ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பாற்றல் வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. ஆனால் அது பகுதி முழுவதற்குமான சராசரியாக மட்டும் இருந்தால் போதாது. விடுபட்ட குழந்தைகள் அங்கொருவர் இங்கொருவராக இருந்தால் கிருமிக்குத் தொடர்ந்து செல்ல வழி கிடைப்பதில்லை. அவர்கள் எல்லோரும் ஒரே குடியிருப்பில் இருந்துவிட்டால், சராசரி எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அங்கே நோய் பற்றிக்கொள்ளும். உங்கள் பகுதியின் அந்த ஒரு மூலையில் நடந்தது பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். அட்டவணை இதை மறைத்துவிடுகிறது, வரைபடம் காட்டிக்கொடுக்கிறது.

செயற்கைக்கோள் படங்களிலிருந்து கட்டடங்களை இனம்கண்டு, கணக்கெடுப்பு விவரங்களோடு சேர்த்து, நிலப்பரப்பைப் பக்கத்துக்கு 100 மீட்டர் கொண்ட சதுரக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் இருக்கக்கூடும் என்று மதிப்பிடும் முறை இன்று இருக்கிறது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வேர்ல்ட்பாப் குழு இத்தகைய தரவுகளை எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டுவருகிறது. இவற்றை அப்படியே நம்பிவிடவும் கூடாது. தகரக் கூரை படத்தில் பளிச்சென்று தெரியும். ஓலைக் கூரை மண்ணின் நிறத்தோடு கலந்துவிடும். அடர்ந்த மரங்களுக்குக் கீழே இருக்கும் வீடு தெரியவே தெரியாது. மாட்டுக்கொட்டகை வீடாகக் கணக்கில் ஏறிவிடும். உள்ளே குழந்தை இருக்கிறதா என்பதைக் கதவைத் தட்டித்தான் அறிய முடியும்.

நீங்கள் நாளையே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். சென்ற ஓராண்டில் பதிவான ஒவ்வொரு குழந்தையும் எந்தக் குடியிருப்பைச் சேர்ந்தது என்று வரைபடத்தில் குறியுங்கள். பிறகு, கூரைகள் கூட்டமாகத் தெரிந்தும் ஒரு குறிகூட விழாத இடங்களைப் பாருங்கள். ஐம்பது வீடுகள் உள்ள ஓர் இடத்தில் ஓராண்டாக ஒரு குழந்தைகூடப் பதிவாகவில்லை என்றால், அங்கே குழந்தையே பிறக்கவில்லை என்பதைவிட அங்கே நம்மில் யாரும் போகவில்லை என்பதே உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2024-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 1 கோடியே 43 லட்சம் குழந்தைகள் முத்தடுப்பூசியின் (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி ஆகிய மூன்று நோய்களுக்கு எதிரான ஊசி) முதல் தவணையைக்கூடப் பெறவில்லை. அவர்களில் பலர் இப்படிக் குறி விழாத இடங்களில்தான் இருக்கிறார்கள்.

கேள்வி: இந்த முறையால் உண்மையிலேயே பலன் கிடைத்த இடம் ஏதாவது உண்டா, அல்லது எல்லாமே மாநாடுகளில் பேசப்படுவதோடு சரியா?

பதில்: உண்டு. நைஜீரியாவின் வட மாநிலங்களைச் சொல்ல வேண்டும். அங்கே போலியோ சொட்டுமருந்து முகாம்கள் ஆண்டுக்குப் பலமுறை நடந்தும் நோய் ஓயவில்லை. முகாம்கள் நம்பியிருந்தவை, உள்ளூர்க் குழுக்கள் கையால் வரைந்த வரைபடங்கள். கையால் வரைந்த படத்தில் வரைந்தவருக்குத் தெரிந்த இடங்கள் மட்டுமே இருக்கும். இரண்டு நிர்வாகப் பகுதிகளின் எல்லையில் இருக்கும் சிற்றூரை, அது மற்றவருடையது என்று எண்ணி இரு தரப்பினருமே விட்டுவிடுவார்கள். 2012-ஆம் ஆண்டு முதல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு புதிய வரைபடங்கள் தயாரிக்கப்பட்டபோது, எந்தத் திட்டத்திலும் இடம்பெறாத சிற்றூர்கள் ஏராளமாக வெளிப்பட்டன.

அடுத்து, சொட்டுமருந்துக் குழுக்களின் கையில் ஜி.பி.எஸ். உள்ள கைப்பேசிகள் கொடுக்கப்பட்டன. குழு நடந்த வழியைக் கைப்பேசி தானே பதிந்துகொள்ளும். மாலையில் அந்தப் பதிவுகளை இறக்கி, குடியிருப்பு வரைபடத்தின்மேல் பொருத்திப் பார்ப்பார்கள். ஒரு நாளின் தடத்தை அப்படிப் பார்த்தால் களத்தின் நிலை கண்முன் வந்துவிடும். வீடுகள் நெருங்கிய தெருக்களில் கோடு வளைந்து வளைந்து நுழைந்து வெளியேறும். ஊரின் ஓரத்தில், ஓடைக்கு அப்பால் இருக்கும் ஏழெட்டுக் கூரைகளுக்குச் சற்று முன்பே திரும்பிவிடும். அந்தக் கூரைகள் விடுபட்ட இடங்களின் பட்டியலில் சேர்ந்து, முகாம் முடிவதற்குள்ளேயே குழுவின் கைக்குத் திரும்பிவரும். முன்பெல்லாம் விடுபட்டது தெரியவே, அங்கே ஒரு குழந்தை முடங்கிப்போக வேண்டியிருந்தது.

கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் வந்தது. போலியோ ஓய்ந்துவிட்டது என்று எண்ணியிருந்த வேளையில், 2016-இல் போர்னோ மாநிலத்தில், ஆயுத மோதலால் யாரும் நுழைய முடியாதிருந்த பகுதிகளிலிருந்து நோயாளிக் குழந்தைகள் கண்டறியப்பட்டார்கள். அங்கே எந்த ஊர் எரிந்து கைவிடப்பட்டிருக்கிறது, எந்த ஊரில் இன்னும் மக்கள் வாழ்கிறார்கள் என்பதைச் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தே பிரித்தறிந்து, எட்டாமல் இருக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையை மதிப்பிட்டார்கள். 2020 ஆகஸ்ட் 25 அன்று, உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்க மண்டலம் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியிலிருந்து விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது. இந்த வெற்றியை வரைபடத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது அநீதி. வீடு வீடாக நடந்தவர்கள், மக்களின் நம்பிக்கையைப் பெற்றுத்தந்த ஊர்ப் பெரியவர்கள், உயிரைப் பணயம் வைத்துப் போனவர்கள் ஆகிய அனைவரின் உழைப்பும் அதில் இருக்கிறது. அந்த உழைப்பு எங்கே சென்று சேரவில்லை என்பதைக் காட்டிக்கொடுத்த பணி வரைபடத்துடையது.

கேள்வி: கைப்பேசிக் கோபுரமே இல்லாத இடத்தில் இதெல்லாம் எப்படி வேலை செய்யும்?

பதில்: ஜி.பி.எஸ். சமிக்ஞை செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக வருவதால் அதற்குக் கோபுரமோ இணையமோ தேவையில்லை. வரைபடத்தை முன்கூட்டியே கருவியில் பதிவிறக்கிக்கொண்டு, திரும்பி வந்து இணைப்புக் கிடைத்ததும் பதிவுகளை அனுப்பினால் போதும். மின்னூட்டம் தீர்ந்துபோவதுதான் களத்தில் பெரிய தொல்லை.

கேள்வி: ஒவ்வொரு தடுப்பூசி மையத்தையும் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் போட்டுத் திட்டமிடுகிறோம். இது சரியான முறைதானா?

பதில்: தொடக்கத்துக்கு உதவும், முடிவெடுக்க உதவாது. வட்டம் ஆற்றையும் மலையையும் பார்ப்பதில்லை. அக்கரையில் இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் குடியிருப்பிலிருந்து பாலம்வரை போய்ச் சுற்றிவர அரை நாள் ஆகலாம். மழைக்காலத்தில் அந்த வழியும் அடைபடலாம். ஆகவே தொலைவை விட்டுவிட்டுப் பயண நேரத்தைக் கணக்கிடுங்கள். சாலை, சரிவு, நீர்நிலை, நிலத்தின் தன்மை ஆகியவற்றைச் சேர்த்து, நடந்து வருபவருக்கும் வாகனத்தில் வருபவருக்கும் தனித்தனியாக இதைக் கணக்கிட, உலக சுகாதார நிறுவனத்தின் அக்சஸ்மாட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு குழந்தையை இடுப்பில் சுமந்து, இன்னொன்றைக் கையில் பிடித்து வரும் தாயின் நடை வேகத்தையே அளவாகக் கொள்ளுங்கள். பெரும்பாலான தடுப்பு மருந்துகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டியவை என்பதால், ஐஸ் பெட்டியின் குளிர் தாங்கும் நேரத்துக்குள் பணியாளர் போய்த் திரும்ப முடியுமா என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடும்.

கேள்வி: கருவி கொடுத்ததிலிருந்து தங்களை வேவு பார்ப்பதாகப் பணியாளர்கள் வருந்துகிறார்கள். மேற்பார்வையாளராக நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அவர்களுடைய வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் 2014 முதல் தடுப்பூசிப் பணியாளர்களுக்கு ஸ்மார்ட்போன் வழங்கி, அவர்கள் இருக்கும் இடத்தோடு சேர்த்து வருகை பதிவு செய்யப்பட்டது, வருகையும் கூடியது. கண்காணிப்பால் பலனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தடம் என்பது கால் போன இடத்தை மட்டுமே காட்டும், ஊசி போடப்பட்டதா என்பதைக் காட்டாது. தண்டிப்பதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்தினால், கைப்பேசி மோட்டார் சைக்கிளில் ஊரைச் சுற்றிவரும், கதவுகள் தட்டப்படாமலேயே இருக்கும். பணி நேரம் முடிந்ததும் பதிவு நின்றுவிட வேண்டும். அன்றைய தடத்தை முதலில் அந்தப் பணியாளரிடமே காட்டி, ஓரிடத்தில் ஏன் திரும்பினார் என்று கேளுங்கள். பாலம் உடைந்திருக்கலாம், நாய்கள் துரத்தியிருக்கலாம், அந்த வீட்டார் முன்பொருமுறை அவமதித்து அனுப்பியிருக்கலாம். ஒருவர் மட்டும் மற்றவரைவிட இரு மடங்கு தொலைவு நடக்கிறார் என்பதும் அதே வரைபடத்தில் தெரியும். அதைக் காட்டிக் கூடுதல் ஆள் கேட்பதும் உங்கள் பொறுப்பு.

கேள்வி: எங்கள் வீட்டையும் என் குழந்தையின் விவரத்தையும் குறித்துக்கொண்டு போனார்கள். ஒரு தாயாக நான் கவலைப்பட வேண்டுமா?

பதில்: கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கட்டடத்தைக் குறிக்கும் வரைபடம் வேறு, அதனோடு குழந்தையின் பெயரும் ஊசி விவரமும் இணைந்த பதிவேடு வேறு. முன்னது பொதுவில் இருக்கலாம். பின்னது உங்கள் பகுதியில் பணியாற்றுபவரைத் தவிர வேறு யார் கண்ணுக்கும் படக்கூடாது. வெளியிடப்படும் வரைபடங்களில் குடியிருப்பு அளவிலான தொகை இருக்கலாமே தவிர, வீட்டளவிலான புள்ளிகள் இருக்கக்கூடாது. ஊசி மறுத்த குடும்பங்களைத் தனி நிறத்தில் காட்டும் படம் வெளியே கசிந்தால், அக்கம்பக்கத்தாரின் ஏச்சுக்கு அவர்கள் ஆளாவார்கள். பிறகு எந்தப் பணியாளருக்கும் அங்கே கதவு திறக்காது. விவரத்தை யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று அடுத்த முறை வருபவரிடம் கேளுங்கள். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல அவருக்குப் பயிற்சி அளித்திருக்க வேண்டும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். இந்தப் பணியில் வீட்டிலிருந்தபடியே எனக்கு ஏதாவது பங்கு உண்டா?

பதில்: உண்டு. 2014-இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும், அமெரிக்க, பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கங்களும், தன்னார்வலர்களைக் கொண்டு வரைபடம் தயாரிக்கும் ஹியூமானிடேரியன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குழுவும் சேர்ந்து மிஸ்ஸிங் மேப்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கின. செயற்கைக்கோள் படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துத் தன்னார்வலர்களுக்குக் கொடுப்பார்கள். கட்டடங்களையும் பாதைகளையும் நீங்கள் கோடிட்டுக் குறிக்க வேண்டும், வேறொருவர் அதைச் சரிபார்ப்பார். ஊர்ப் பெயர்களை அங்கே வாழ்பவர்கள் பின்னர் சேர்ப்பார்கள். ஒரே ஊர் இரண்டு பெயர்களில் பதிவேட்டில் இருமுறை ஏறியிருப்பதும், உண்மையில் இருக்கும் ஊர் பெயரே இல்லாமல் போயிருப்பதும் அப்போதுதான் பிடிபடும். தொடங்கும்போது எண்ணிக்கையைக் கூட்டுவதில் ஆர்வம் காட்டாதீர்கள். கூரையா பாறையா என்று ஐயம் எழுந்தால் அதைக் குறிக்காமல் விட்டு, கட்டம் முழுமையடையவில்லை என்று பதிந்துவிடுங்கள். அனுபவம் மிக்க ஒருவர் அதை எடுத்துப் பார்த்துக்கொள்வார்.