பாம்புப் பெட்டியில் சூடு: வந்த கேள்விகளும் என் பதில்களும்

குளிர் தொடங்கியதும் வீட்டில் பாம்பு வளர்ப்பவர்களின் கடிதங்கள் குவிந்துவிடுகின்றன. முக்கால்வாசி கனடா, இங்கிலாந்திலிருந்து, பாம்பும் பால் பைத்தான் (ball python, ஒரு சிறிய மலைப்பாம்பு வகை) அல்லது கார்ன் ஸ்நேக் (corn snake, விஷமில்லாத பாம்பு). என்ன பாம்பு, எவ்வளவு பெரிய பெட்டி, கண்ணாடியா மரமா, எதை வைத்து எந்த இடத்தில் அளந்தீர்கள் என்ற நான்கையும் எழுதுங்கள். "என் பாம்புக்குச் சூடு போதுமா?" என்று ஒற்றை வரி மட்டும் வந்தால் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும்.

கே: பால் பைத்தானுக்கு எத்தனை டிகிரி வைப்பது? பெட்டி முழுக்க ஒரே சீராக 30 இருக்கிறது. (ஹாரோ)

சூடான பக்கம் சுமார் 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25, 26. ராத்திரியில் 23-க்குக் கீழே இறங்க விடாதீர்கள். கார்ன் ஸ்நேக் என்றால் 30-ம் 23-ம் போதும். சீராக 30 என்பது பெருமைப்படும் விஷயமில்லை. பாம்பு இடம் மாறி மாறிப் படுத்துத்தான் உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ளும், அதற்கு இரண்டு பக்கமும் வேண்டும். இரண்டிலும் ஒவ்வொரு மறைவிடம் வையுங்கள். ஒன்றுதான் இருந்தால், சூடு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பால் பைத்தான் மறைவை விட்டு வெளியே வராது.

கே: அண்ணா, கடைக்காரர் ஹீட் மேட்டுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை, அது தானாகவே அளவாச் சுடும் எண்டு சொன்னவர். கையால தொட்டா இதமாத்தான் இருக்கு. இப்ப பாம்பின்ர வயித்துச் செதில் பழுப்பாக் கிடக்கு. (ஸ்கார்பரோ)

முதலில் அந்தச் சூடேற்றும் விரிப்பின், அதாவது மேட்டின், பிளக்கைப் பிடுங்குங்கள். அப்புறம் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் இன்றைக்கே கொண்டுபோங்கள். மஞ்சள், எண்ணெய், வீட்டில் கிடக்கும் களிம்பு எதையும் பூச வேண்டாம். இது தீக்காயமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இந்தக் கடைக்காரர்களைப் பற்றி எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. தொட்டி, மேட், ஒட்டுகிற வட்டத் தெர்மாமீட்டர், சில நேரம் சூடாகும் செயற்கைக் கல் வரை எல்லாவற்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு விற்பார்கள், சூட்டை அளந்து ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மட்டும் இருக்காது. மேட் தானாக எதையும் அளப்பதில்லை. மின்சாரம் வரும்வரை அதே வாட்டில் சுட்டுக்கொண்டே இருக்கும். வெறும் மேட்டைக் கையால் தொடும்போது சூடு காற்றில் போய்விடுகிறது, அதனால்தான் இதமாகத் தெரிகிறது. மேலே இரண்டு அங்குலம் தேங்காய் நார்த்தூள், அதற்கு மேல் மறைவிடம், அதற்குள் சுருண்டு கிடக்கும் ஒன்றரைக் கிலோ பாம்பு என்று வந்துவிட்டால் அந்தச் சூட்டுக்குப் போக வழியில்லை. 45, 50 என்று ஏறிவிடும்.

"சுட்டால் நகர்ந்திருக்காதா?" என்று கேட்காதீர்கள். பல நேரம் நகராது. காயம் ஆகும்வரை அதே இடத்தில் படுத்திருக்கும். அதனால் நீங்கள்தான் வாரம் ஒருமுறை மெதுவாகத் திருப்பி வயிற்றைப் பார்க்க வேண்டும். முதலில் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு, அப்புறம் அகலமான வயிற்றுச் செதில்கள் வரிசையாக ஓரத்தில் பழுப்பேறி லேசாகத் தூக்கும், அதற்கும் அப்புறம் நீர் கசியும். சட்டை உரிக்கும் காலத்திலும் வயிறு சிவக்கும் என்பதால் பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள்.

சரி, இனி என்ன செய்வது? மேட்டுக்கு ஆன்-ஆஃப் (முழுதாகப் போட்டு அணைப்பது) அல்லது பல்ஸ் (மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்புவது) வகைத் தெர்மோஸ்டாட், செராமிக் ஹீட்டருக்குப் பல்ஸ், வெளிச்சம் தரும் பல்புக்கு டிம்மிங் வகை (மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பது). கையால் திருகும் டிம்மர் இதற்கெல்லாம் மாற்று இல்லை, அறை சூடாகிவிட்டது என்று அதற்குத் தெரியாது. மேட் தொட்டிக்கு வெளியே அடியில் இருந்தால் சென்சாரை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பொருத்துங்கள், தொட்டிக்கு அடியில் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். பாம்பு தோண்டும், எனவே நார்த்தூளை ஒதுக்கிவிட்டு அடித்தரையை அளந்து, அங்கே 34-க்கு மேல் போகாதபடி வையுங்கள். பெட்டிக்கு உள்ளே மட்டும் ஒட்டும் டேப் எதுவும் வேண்டாம், பாம்பின் தோலில் ஒட்டிக்கொண்டு செதிலோடு வரும். இவ்வளவுக்கும் ஆகும் செலவு, நீங்கள் இப்போது மருத்துவரிடம் கொடுக்கப்போவதைவிடக் குறைவு.

கே: டெம்ப் கன்னால் (தொடாமலே சூட்டைக் காட்டும் கருவி) கண்ணாடிக்கு வெளியே நின்று அளந்தால் 24-தான் காட்டுகிறது. ஹீட்டர் சரியில்லையா?

நீங்கள் அளந்தது கண்ணாடியை. கதவைத் திறந்து அளங்கள்.

கே: தெர்மோஸ்டாட்டை 32-ல்தான் வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் சூடான பக்கம் 46. சென்சார் தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்தது. பாம்புதான் இழுத்துவிட்டது. (பிராம்ப்டன்)

பாம்பின்மேல் பழி போடாதீர்கள், ஒழுங்காகப் பொருத்தாதது நீங்கள். தெர்மோஸ்டாட்டுக்குத் தெரிந்ததெல்லாம் சென்சார் சொல்வதுதான். சென்சார் குளிர்ந்த தண்ணீரில் கிடந்தால், இன்னும் சுடவில்லை என்று நினைத்து ராத்திரி முழுக்க ஹீட்டரை ஓடவிடும். ஒயரைச் சுவரோடு கிளிப் போட்டு இறுக்குங்கள். தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வையுங்கள். முடிந்தால் ஆன்-ஆஃப் வகைத் தெர்மோஸ்டாட் ஒன்றைச் சுவரில் செருகி, அதில் உங்கள் வழக்கமான தெர்மோஸ்டாட்டைச் செருகி, முதலாவதை 35, 36-ல் விட்டுவிடுங்கள். உங்கள் வழக்கமானது பழுதானாலும் சுவரில் செருகியது மின்சாரத்தை வெட்டிவிடும்.

கே: ராத்திரிக்குச் சிவப்பு பல்பு நல்லதா?

வேண்டாம். ராத்திரி இருட்டாக இருக்கட்டும். சூடு வேண்டுமென்றால் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர். பீங்கான் சாக்கெட்டில் மட்டும் போடுங்கள், பிளாஸ்டிக் உருகும். சுற்றிக் கம்பிக்கூடும் வேண்டும், இல்லாவிட்டால் பாம்பு ஏறிச் சுற்றிக்கொள்ளும்.

கே: மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது? (மார்க்கம்)

நல்ல கேள்வி. 2013 டிசம்பரில் டொராண்டோ பக்கம் பனிப்புயலில் லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது, சிலருக்கு நாள்கணக்கில் வரவில்லை. இரண்டு மூன்று மணி நேரம் என்றால் காற்றுத் துளையை விட்டுவிட்டுப் பெட்டியைக் கம்பளியால் மூடுங்கள், போதும். நீண்டால் பாம்பைத் தலையணை உறையில் விட்டு முடிச்சுப்போட்டு, காற்றுத் துளை போட்ட தெர்மோகோல் பெட்டியில் வைத்து, துண்டு சுற்றிய வெந்நீர் பாட்டில் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். மெழுகுவத்தி, கரியடுப்பு, கேம்ப் ஸ்டவ் எதையும் அறைக்குள் ஏற்றாதீர்கள், பாம்புக்கு முன்னால் நீங்கள் போய்விடுவீர்கள். சூடு திரும்பும்வரை இரை கொடுக்க வேண்டாம். பதற்றத்தில் அதிகமாகச் சூடேற்றுவதுதான் பெரிய ஆபத்து. ஒருநாள் 20 டிகிரியை ஆரோக்கியமான பாம்பு தாங்கும், 40-ஐத் தாங்காது.

கே: கார்ன் ஸ்நேக் இரண்டு தடவை இரையைக் கக்கிவிட்டது. பெட்டி வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. (லெஸ்டர்)

வெதுவெதுப்பு ஒரு அளவா? எண்ணைச் சொல்லுங்கள். சூடு குறைந்தால் செரிக்காது. அளந்து 30-க்குக் கொண்டுவந்து, இரண்டு வாரம் இரை கொடுக்காமல் விட்டு, அப்புறம் வழக்கத்தில் பாதி அளவு எலி கொடுங்கள். இரண்டாவது தடவை என்பதால் அதற்குள் மலத்தையும் பரிசோதித்துவிடுங்கள்.

கே: சார், பால் பைத்தானுக்கு எத்தனை வாட் ஹீட்டர் வாங்கலாம்? (வேளச்சேரி)

முதலில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பாம்பைப் பதிவு செய்தாகிவிட்டதா? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு பால் பைத்தான் அட்டவணையில் இருக்கிறது, பதிவு கட்டாயம். நம்மூர் மலைப்பாம்பு, சாரை, மண்ணுளி என்றால் என்னிடம் கேட்கவே வேண்டாம், வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

ஹீட்டரைப் பொறுத்தவரை, சென்னையில் மார்கழி ராத்திரி தவிர உங்களுக்கு அது தேவைப்படுவதே அபூர்வம். உங்கள் பிரச்சினை மே மாதம். மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறை வேண்டாம், ஜன்னல் வெயில் வேண்டாம், பெட்டியைத் தரையோடு வையுங்கள். அறை 34-ஐத் தாண்டினால் துணி சுற்றிய ஐஸ் பாட்டிலைப் பெட்டிக்கு மேல் வைக்கலாம், ஏசியை 27-ல் ஓடவிடலாம். சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில், பாம்பு பிடிக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் விஷம் எடுக்கும் பாம்புகளை மண்பானையில் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் வெயிலுக்கு எது பொருந்தும் என்று அவர்களுக்குத் தெரியும். ஈரமான மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தால் அருமையான மறைவிடம்.

கே: சிங்கப்பூர் ஃப்ளாட்டில் வளர்க்க எந்தப் பாம்பு, எந்த ஹீட்டர்?

அங்கே பாம்பு வளர்ப்பதே சட்டவிரோதம். மீன் வளருங்கள்.

கே: கரண்ட் பில் ஏறுகிறது. தூங்கப் போகும்போது எல்லாவற்றையும் அணைத்துவிடலாமா? (ஈஸ்ட்ஹாம்)

வேண்டாம். 20 வாட் மேட் நாள் முழுக்க விடாமல் ஓடினாலும் அரை யூனிட்தான், தெர்மோஸ்டாட் இருந்தால் அதுகூட ஆகாது. இருந்தால் என்று சொல்கிறேன், இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் சூடு போவது தொட்டியின் மேலே வலை மூடி வழியாக. பல்புக்குக் கீழே உள்ள இடத்தையும் காற்றுக்குக் கொஞ்சத்தையும் விட்டுவிட்டு மீதியை மூடுங்கள், பின்பக்கமும் ஓரங்களிலும் வெளியே தெர்மோகோல் பலகை வையுங்கள். மூடிய பிறகு மறுபடி அளக்காமல் விட்டுவிடாதீர்கள், இரண்டு மூன்று டிகிரி ஏறியிருக்கும்.