கேளுங்கள், சொல்கிறேன்: மருத்துவமனை மென்பொருளுக்கு எந்த டேட்டாபேஸ், எந்த வீடியோ?

கேள்வி: நாற்பது படுக்கை உள்ள மருத்துவமனைக்கு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் போடலாம் என்று முடிவாகிவிட்டது. டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல்லா, போஸ்ட்கிரெஸா என்று எங்கள் ஐடி ஆட்கள் இரண்டு பேருக்கும் ஒரு மாதமாகச் சண்டை. நீங்களாவது தீர்த்து வையுங்கள்.

பதில்: இரண்டு பேரையும் சண்டையை நிறுத்தச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த முடிவு பெரும்பாலும் அவர்கள் கையிலேயே இல்லை. மென்பொருளைத் தேர்ந்தெடுத்தால் டேட்டாபேஸ் அதோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடும். க்னூ ஹெல்த் என்றால் போஸ்ட்கிரெஸ். ஓப்பன்இஎம்ஆர் என்றால் மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி. 2004-இல் தொடங்கிய ஓப்பன்எம்ஆர்எஸ் மைஎஸ்கியூஎல்லோடு சேர்ந்தே வளர்ந்தது. போஸ்ட்கிரெஸிலும் ஓடும் என்று போட்டிருப்பார்கள், ஓடும்தான், ஆனால் அதை நிறுவியவர்களில் பெரும்பாலானோர் மைஎஸ்கியூஎல் பக்கமே இருப்பதால், ராத்திரி 2 மணிக்கு ஏதாவது மாட்டிக்கொண்டால் உங்களுக்கு முன்பே அதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவர் அந்தப் பக்கம்தான் கிடைப்பார். நாற்பது படுக்கைக்கு வேகம் ஒரு பிரச்சினையே இல்லை, இரண்டும் தாங்கும்.

மரியாடிபி என்றதும் பயப்பட வேண்டாம். மைஎஸ்கியூஎல்லைக் கையில் வைத்திருந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கப்போகிறது என்றானபோது, மைஎஸ்கியூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் 2009-இல் பிரித்தெடுத்த கிளை அது. அவருடைய மூத்த மகள் பெயர் மை, இளைய மகள் பெயர் மரியா. அவ்வளவுதான் பெயர்க் கதை. ஆனால் பிரிந்த இரண்டும் இப்போது வெகுதூரம் விலகிவிட்டன, 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் மென்பொருளின் நிறுவல் பக்கத்தில் எந்தப் பதிப்பு எண் இருக்கிறதோ அதையே போடுங்கள். அந்தப் பதிப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்: மைஎஸ்கியூஎல் 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது, ஆனால் பழைய நிறுவல் குறிப்புகளில் இன்னும் அதைத்தான் போடச் சொல்லியிருப்பார்கள்.

சண்டை போட்டே ஆக வேண்டும் என்றால், பேக்கப்பை யார் பார்த்துக்கொள்வது என்று போடச் சொல்லுங்கள். அடுத்த கேள்வி அதுதான்.

கேள்வி: பஹ்ம்னி நிறுவியிருக்கிறோம். தினமும் இரவு மைஎஸ்கியூஎல் பேக்கப் தானாக ஓடுகிறது. இது போதும்தானே?

பதில்: போதாது. பஹ்ம்னி என்பது ஒரே மென்பொருள் இல்லை, மூன்றைச் சேர்த்துத் தைத்தது. நோயாளிப் பதிவும் மருத்துவக் குறிப்பும் ஓப்பன்எம்ஆர்எஸ், அது மைஎஸ்கியூஎல்லில். ஆய்வகம் ஓப்பன்எலிஸ், பில்லும் மருந்து இருப்பும் ஓடூ, இவை இரண்டும் போஸ்ட்கிரெஸில். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் லேப் முடிவுகளுக்கும் பில் கணக்குக்கும் உங்களிடம் பேக்கப்பே இல்லை. ஸ்கேன் செய்து ஏற்றிய தாள்கள், நோயாளி போட்டோ எல்லாம் டேட்டாபேஸுக்குள் இருக்காது, சர்வரில் தனிக் கோப்புறையில் கிடக்கும், அதையும் எடுக்க வேண்டும். (ஓப்பன்இஎம்ஆர் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள், அங்கே 'சைட்ஸ்' என்ற கோப்புறைக்குள் பாருங்கள்.) எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுப்பது முக்கியம். ஒன்றை நேற்றைய நிலைக்கும் இன்னொன்றை இன்றைய நிலைக்கும் மீட்டால், லேபில் முடிவு இருக்கும், அந்த டெஸ்ட்டை எழுதிய டாக்டரின் குறிப்பு இருக்காது.

சரி, எடுக்கிறீர்களே அந்த மைஎஸ்கியூஎல் பேக்கப், அதாவது நன்றாக இருக்கிறதா? ஒரு இடத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பேக்கப் கோப்புகள் தேதி வாரியாக, ஒரு நாள்கூட விடுபடாமல், அழகாக வரிசை கட்டி நின்றன. சர்வர் போய், மீட்க உட்கார்ந்தபோதுதான் ஒருவர் கோப்பின் அளவைப் பார்த்தார். 20 பைட். மெகாபைட் இல்லை, பைட். நடந்தது இதுதான்: யாரோ டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள், ஸ்கிரிப்டில் மாற்றவில்லை. அன்றிலிருந்து, பேக்கப் எடுக்கும் கட்டளையான மைஎஸ்கியூஎல்டம்ப் உள்ளே போக முடியாமல் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது, பின்னால் நின்ற ஜிஜிப் அந்த வெறுமையையும் சுருக்கி ஒரு கோப்பாக்கி வைத்திருக்கிறது. ஒன்றுமே இல்லாததைச் சுருக்கினால் ஜிஜிப் தரும் அளவு சரியாக 20 பைட். கடைசியாக ஓடிய ஜிஜிப் தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டதால், லினக்ஸும் 'வெற்றி' என்றே குறித்துக்கொண்டது. ஸ்கிரிப்டின் தலையில், நடுவில் ஒன்று தோற்றாலும் மொத்தத்தையும் தோல்வி என்று குறிக்கும் 'பைப்ஃபெயில்' என்ற ஒரு வரி இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அதனால் அந்த வரியைப் போடுங்கள். இன்னோடிபி டேபிள்கள் (மைஎஸ்கியூஎல் இயல்பாகப் போடும் வகை) என்றால் 'சிங்கிள் டிரான்சாக்ஷன்' என்ற தேர்வையும் சேருங்கள், யார் வேலையையும் நிறுத்தாமல் ஒரே கணத்து நிலையை எடுத்துத் தரும். அப்புறம் மாதம் ஒருமுறை, வேறொரு கணினியில் அந்த பேக்கப்பை மீட்டு, மென்பொருளைத் திறந்து, நேற்று மாலை வந்த கடைசி நோயாளி இருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். இருந்தால்தான் அது பேக்கப்.

கேள்வி: எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களையும் அதே டேட்டாபேஸில் போடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு சிடி ஸ்கேனிலேயே நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும், உங்கள் இரவு பேக்கப் மறுநாள் காலை வரை ஓடும். டைகாம் (மருத்துவப் படங்களுக்கான பொது வடிவம்) படங்களுக்கென்றே ஆர்தாங்க் போன்ற ஓப்பன் சோர்ஸ் சர்வர் இருக்கிறது, அதில் வைத்துவிட்டு இங்கே இணைப்பை மட்டும் வையுங்கள்.

கேள்வி: நோயாளி பெயரைத் தமிழில் பதிகிறோம். கண்ணெதிரே பட்டியலில் இருக்கும் பெயர், தேடினால் மட்டும் வரமாட்டேன் என்கிறது. டேட்டாபேஸை மாற்ற வேண்டுமா?

பதில்: எந்த டேட்டாபேஸுக்குப் போனாலும் இது கூடவே வரும். 'கோமதி' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 'கோ'வில் இருக்கும் துணைக்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பு தனியாக, கால் தனியாக இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு வேறு எழுத்துக்கோவையாகத் தெரியலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த பெயர்களில் இந்தக் கூத்து அதிகம். போஸ்ட்கிரெஸ் 13-லிருந்து இதைச் சீராக்க 'நார்மலைஸ்' என்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. மற்றவற்றில் பெயர் உள்ளே போவதற்கு முன்பே மென்பொருள் சீராக்கிவிட வேண்டும்.

இதைவிட மோசமானது 'சௌந்தர்யா'. பாதிப் பேர் அதை செ, ள என்று தட்டி 'செளந்தர்யா' ஆக்கிவிடுவார்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் இது உண்மையிலேயே வேறு எழுத்து, நார்மலைஸ் தொடாது. தட்டச்சு செய்பவருக்குச் சொல்லிக் கொடுப்பது ஒன்றே வழி, கூடவே போன் எண்ணை வைத்தும் தேடப் பழக்குங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் இன்னொன்று: எழுத்துகளைச் சேமிக்கும் 'யுடிஎஃப்8' என்ற பழைய அமைப்பு ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ்க் குறிகளுக்கு அது போதும், யாராவது குறிப்பில் ஒரு எமோஜியை ஒட்டினால் 4 பைட் கேட்கும், அங்கே பிழை காட்டும். 'யுடிஎஃப்8எம்பி4' வையுங்கள், பதிப்பு 8-இல் இயல்பாகவே அதுதான்.

கேள்வி: மோங்கோடிபி, எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ்களை எல்லாம் விட்டுவிட்டீர்களே?

பதில்: எஸ்கியூலைட் அருமையான சரக்கு, ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். ஒரே டாக்டர், ஒரே கணினி என்றால் ஓட்டலாம், கவுன்டர், பார்மசி, லேப் மூன்றும் சேர்ந்து எழுதும் இடத்தில் வரிசையில் நிற்கும். மோங்கோடிபி 2018 அக்டோபரில் உரிமத்தை மாற்றிக்கொண்டது, எது ஓப்பன் சோர்ஸ் என்று வரையறுக்கும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பு அந்த உரிமத்தை ஏற்கவில்லை. 'முழுக்க ஓப்பன் சோர்ஸ்' என்று நிர்வாகத்திடம் வாக்குக் கொடுத்திருந்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க யூடியூபில் இருக்கும் வீடியோக்களையே காட்டலாமா? நாங்களே எடுக்க வேண்டுமா?

பதில்: முதலில் அந்த வீடியோ எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ஓப்பன்எம்ஆர்எஸ் 2-இன் திரையும் 3-இன் திரையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போல இருக்கும், பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு வந்த நர்ஸ் இல்லாத பட்டனைத் தேடிக்கொண்டிருப்பார். நிறுவுவது, அமைப்பது, அட்மின் வேலை இவற்றுக்கெல்லாம் வெளி வீடியோ பயன்படும், உங்கள் ஐடி ஆட்கள் பார்க்கட்டும். கவுன்டருக்கும் வார்டுக்கும் நீங்களேதான் எடுக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் படிவம், உங்கள் மருந்துப் பட்டியல், உங்கள் வார்டு பெயர் எதுவும் அந்த வீடியோவில் இருக்காது.

எடுப்பது பெரிய விஷயம் இல்லை. ஓபிஎஸ் ஸ்டூடியோ இலவசம், திரையைப் பதிவு செய்யும், ஒரு மைக் போதும். பார்ப்பவர்கள் போனில் பார்ப்பார்கள் என்பதால் பிரவுசரை 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கிவிட்டு எடுங்கள். ஒரு வீடியோவுக்கு ஒரு வேலை, மூன்று நான்கு நிமிடம். முக்கால் மணி நேர வீடியோவில் 31-வது நிமிடத்தில் வரும் விஷயத்தை ராத்திரி டியூட்டியில் இருப்பவர் எப்படித் தேடுவார்? துண்டு துண்டாக இருந்தால் திரை மாறும்போது அந்த ஒரு துண்டை மட்டும் திரும்ப எடுத்தால் போதும்.

என்ன எடுப்பது என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். 'புதிய நோயாளியைப் பதிவது எப்படி' என்று எடுப்பார்கள், அதில் நேராக 'புதியவர்' பட்டனை அழுத்துவார்கள். அதைப் பார்த்த கவுன்டர் ஆளும் அப்படியே செய்வார், மூன்று மாதத்தில் ஒரே ஆளுக்கு மூன்று எண். அந்த வீடியோ தேடலில் தொடங்க வேண்டும்: பெயரால் தேடு, கிடைக்கவில்லையா, போன் எண்ணால் தேடு, அப்போதும் இல்லை என்றால்தான் 'புதியவர்'. பிறந்த தேதி தெரியாது என்று சொல்பவர் வருவார், அவருக்கு ஜனவரி 1 என்று அடித்துவிடாமல் உத்தேச வயது போடும் இடத்தைக் காட்டுங்கள். ஓப்பன்எம்ஆர்எஸ்ஸில் அது உத்தேசம் என்று தனியாகக் குறித்துக்கொள்ளும். அடுத்த வீடியோ, தப்பாகப் பதிந்ததை எப்படிச் சரிசெய்வது, இரட்டைப் பதிவை எப்படி ஒன்றாக்குவது. அதிகம் பார்க்கப்படுவது இந்த 'தப்பாயிடுச்சு, இப்ப என்ன' வீடியோக்கள்தான்.

குரல் ஐடி ஆளுடையதாக இருக்க வேண்டாம். அந்த வேலையைத் தினமும் செய்பவரையே பேச வையுங்கள், 'மாஸ்டர் என்ட்ரி' என்று ஐடி ஆள் சொல்வதை அவர் 'அந்தப் பச்சை பட்டன்' என்பார், கேட்பவருக்கு அதுதான் புரியும். வார்டில் சத்தம் வைக்க முடியாது என்பதால் கீழே எழுத்து ஓடட்டும். அந்த எழுத்தை எஸ்ஆர்டி (சப்டைட்டில்) கோப்பாகத் தனியே வைத்தால் சொல் மாறும்போது வீடியோவைத் தொடாமலே திருத்தலாம். எல்லாவற்றையும் உள்வலையில் ஒரு கோப்புறையில் போடுங்கள், இணையம் போனாலும் ஓடும். கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கட்டும்.

நிஜ நோயாளி ஒருவர்கூட திரையில் வரக்கூடாது. எடுத்துவிட்டு மங்கலாக்கலாம் என்று நினைக்காதீர்கள், ஏதாவது ஒரு மூலையில் பெயர் தப்பிவிடும். பயிற்சிக்கென்று தனி சர்வர், அதில் 'சோதனை ஒன்று', 'சோதனை இரண்டு' என்று கற்பனை நோயாளிகள். அந்தத் திரையின் மேல்பட்டையை வேறு நிறத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் யாராவது நிஜ மருந்துச் சீட்டை அங்கே எழுதிவிடுவார்கள்.

கேள்வி: எல்லோரும் பார்க்கிறார்கள், டாக்டர்கள் மட்டும் ஒரு வீடியோவையும் திறக்கவில்லை.

பதில்: திறக்க மாட்டார்கள், விடுங்கள். முதல் வாரம் ஓபியில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அவர் எழுதுவதைப் பார்க்கட்டும். அவர் அடிக்கடி எழுதும் இருபது மருந்துகளைக் குறித்துக்கொண்டு, அவை தேடாமலே முதல் திரையில் வரும்படி செய்து கொடுங்கள்.