கம்பம் முதலில், கன்று பிறகு

இந்தத் தடவை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்: பழச் செடியை எதில் கட்டி, எதில் படரவிட்டு வளர்ப்பது. கேளுங்கள், சொல்கிறேன். ஆனால் மரத்தின் பேர், இடத்தின் நீள அகலம், வெயில் விழும் பக்கம் மூன்றையும் எழுதாமல் கேட்டால் நான் சோதிடம்தான் பார்க்க வேண்டும்.

*கொய்யாவுக்கு வேலி மாதிரி கம்பி இழுக்க எந்தக் கம்பி வாங்குவது?*

12-ஆம் நம்பர் ஜிஐ கம்பி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி. நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும். பெரிய நம்பர் என்றால் தடித்த கம்பி என்று நினைத்து 18 வாங்கி வந்தவர்கள் இந்த ஊரிலேயே நாலைந்து பேர். முதல் வரிசை இரண்டடி உயரத்தில், அடுத்தடுத்த வரிசைக்கு ஒன்றரை அடி இடைவெளி. கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும். நீண்ட கிளையை ஒடிக்காமல் வளைத்துப் படுக்கையாகக் கட்டுங்கள், முதுகெல்லாம் தளிர் வெடிக்கும்.

*பழ மரத்துக்கு எந்தத் தாங்கல் நல்லது?*

எந்தப் பழ மரத்துக்கு? ரம்புத்தான் என்றால் தாங்கலே வேண்டாம். மார்கிசா, அதாவது பேஷன் ஃப்ரூட் கொடி என்றால் தாங்கல் இல்லாமல் ஒன்றுமே நடக்காது. மறுபடி எழுதுங்கள்.

*பிரெஞ்சுத் தோட்டங்களில் சுவரோடு சுவராக மரத்தை விசிறிபோல விரித்து வளர்க்கும் படங்களைப் பார்த்தேன். எங்கள் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டில் மேற்குப் பார்த்த மதில் சும்மா இருக்கிறது. அதில் எலுமிச்சையை அப்படி ஏற்றலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை)*

டீச்சர், அவர்கள் மரத்தைச் சுவரில் சாய்ப்பது குளிருக்காக. பகல் வெயிலைச் சுவர் வாங்கி வைத்து, இரவில் மரத்துக்குக் கொடுக்கும். நம் மலேசியாவில் எதற்கு அந்தச் சூடு? மூன்று மணிக்கு உங்கள் மேற்கு மதிலில் கை வைத்துப் பாருங்கள். இலை கருகும், மழை நாளில் காற்றோட்டம் இல்லாமல் பூஞ்சை பிடிக்கும். படம் அழகுதான், மறுக்கவில்லை. மதிலைவிட்டு இரண்டடி தள்ளித் தனியாகக் கம்பமும் கம்பியும் போட்டு, அதில் விரித்துவிடுங்கள். கம்பம் முதலில், கன்று பிறகு. கன்று நட்ட பிறகு கம்பம் இறக்கினால் வேரை வெட்டுவீர்கள்.

*தோட்டத்தில் மறுநடவுக்காகப் பால்மரங்களை (ரப்பர் மரங்களை) சாய்த்திருக்கிறார்கள். கட்டை சும்மாவே கிடைக்கிறது. மார்கிசாப் பந்தலுக்கு அதையே கம்பமாக நடலாமா? அடியில் கறுப்பு எண்ணெய் (வண்டியின் கழிவு எண்ணெய்) பூசினால் போதும் என்கிறார் அண்ணன்.*

வருஷா வருஷம் இந்தக் கேள்வி வருகிறது, வருஷா வருஷம் இல்லை என்கிறேன். பால்மரக் கட்டையில் மாவுச்சத்து நிறைய. வெட்டிப் போட்ட சில நாளிலேயே நீலம் பாய்ந்து பூஞ்சை ஏறும், பிறகு வண்டு துளைத்து மாவாக உதிர்க்கும், மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும். "இதே மரத்தில்தானே மேசை நாற்காலி செய்து கப்பலேற்றுகிறார்கள்?" என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். மில்லில் அறுத்த கையோடு பலகைக்குப் போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்துகிறார்கள். அந்த மருந்தும் மழை படாத இடத்தில்தான் நிற்கும், ஈர மண்ணில் கரைந்து போய்விடும். மண்ணில் நட அந்த மரம் ஆகாது.

நான் தோட்டத்தில் கிராணியாக (கணக்கராக) இருந்த காலத்தில், குவார்ட்டர்ஸ் பின்னால் எட்டுக் கம்பம் பால்மரத்தில் நட்டு மார்கிசா ஏற்றினேன். கறுப்பு எண்ணெயும் பூசினேன், உங்கள் அண்ணன் மாதிரி. பதினாலு மாதம். கொடி முழுக்கக் காய். சுமத்ராப் பக்கமிருந்து விடிகாலையில் ஒரு காற்று வருமே, அது வந்தது. எழுந்து பார்த்தால் பந்தல் கோழிக் கூட்டின் மேல். கம்பத்தைப் புரட்டினேன், மேலே எல்லாம் நன்றாகவே இருந்தது. தரை மட்டத்தில் ஒரு சாண் மட்டும் ஊறிய ரொட்டி மாதிரி. ஈரமும் காற்றும் சேரும் அந்த ஒரு சாணில்தான் எந்தக் கம்பமும் சாகும். எண்ணெய் மேல்தோலைத் தாண்டி உள்ளே போகவில்லை, மண்ணைத்தான் கெடுத்தது. கோழிகள் என்னவோ பிழைத்துக்கொண்டன.

இன்னொன்று. பந்தலைத் தாங்குவது கடைசிக் கம்பம். நடுக் கம்பம் பாரத்தைத் தூக்கினால் போதும், ஓரக் கம்பத்தைத்தான் முழுக் கம்பியும் பிடித்து உள்ளே இழுக்கும். அதனால் ஓரத்துக்கு மட்டுமாவது நல்ல பொருள் போடுங்கள்: ஒன்றரை அங்குல ஜிஐ பைப், சிமெண்டு வேலிக் கம்பம், அல்லது பழைய பலகை வீடு உடைக்கும் இடத்தில் கிடைக்கும் செங்கால் என்ற வைர மரத் தூண். இரண்டரை அடி ஆழம், வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து நட்டு, உட்புறம் ஒரு முட்டுக் கொடுங்கள். மார்கிசா மூன்று வருஷம் நன்றாகக் காய்க்கும், பிறகு மாற்றவேண்டியதுதான். கம்பம் நன்றாக இருந்தால் அதே பந்தலில் நாலு தடவை கொடி மாற்றலாம். சும்மா வந்த கட்டைக்காக ஒரு கொடியைப் பலி கொடுக்காதீர்கள்.

*மார்கிசாப் பந்தலின் மூங்கிலைக் கரு வண்டு ஓட்டை போடுகிறது. மருந்து அடிக்கலாமா?*

அடிக்கவே கூடாது. நம் தாழ்நிலத்து மஞ்சள் மார்கிசா தன் பூந்தூளில் காய்க்காது, வேறு செடியின் தூளை அந்த வண்டுதான் கொண்டு வரும். மூங்கிலை அதற்கு விட்டுவிட்டு, பந்தலைப் பைப்பில் போடுங்கள்.

*டிராகன் பழத்துக்கு இரண்டு அங்குல வெள்ளைப் பைப் நட்டேன். வளைந்துவிட்டது.*

வளையாமல் என்ன செய்யும், தம்பி? கம்பத்துக்கு நாலு செடி, வளர்ந்தால் நூறு கிலோ பக்கம் வரும். நாலு அங்குலப் பைப்புக்குள் முறுக்குக் கம்பி விட்டு சிமெண்டு ஊற்றுங்கள். தரைக்கு மேல் ஐந்தடி, மண்ணுக்குள் இரண்டடி. தலையில் குறுக்காக இரும்பு வைத்து மோட்டார் சைக்கிள் பழைய டயர். கம்பம் முதலில், கன்று பிறகு.

*தமிழ்நாட்டில் தேனிப் பக்கம் கம்பம் என்ற ஊரின் பன்னீர் திராட்சையைப் பார்த்துவிட்டு வந்தேன். அதே மாதிரி கல்தூண் பந்தல் இங்கே சரிப்படுமா?*

பந்தல் சரிப்படும், தரையிலிருந்து ஆறடி உயரத்தில் போடுங்கள். திராட்சைதான் சரிப்படாது. தேனிப் பக்கத்து மழைக்கும் நம் மழைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இங்கே இலையடியில் வெள்ளைப் பூஞ்சை வந்து கொடியே கொட்டிப்போகும். மேலே பிளாஸ்டிக் கூரை போட முடியும் என்றால் ஒரு கொடி ஆசைக்கு வையுங்கள். இல்லாவிட்டால் அதே பந்தலில் பிலிம்பிங்கை (நட்சத்திரப் பழ மரத்தை) படுக்கையாக ஏற்றலாம். அது சிறு குச்சியிலும் பழைய கிளையிலும் காய்க்கும். பழ ஈக்குப் பயந்து ஒவ்வொரு காய்க்கும் காகிதப் பை மாட்டுவதற்கு ஏணியும் வேண்டியிருக்காது.

*கொய்யாவைக் கட்டிய ராஃபியா கயிறு மரத்துக்குள் புதைந்துவிட்டது. இழுத்து எடுக்கவா?*

இழுக்காதீர்கள், பட்டையோடு வரும். வெளியே தெரியும் இடங்களில் மட்டும் கத்தியால் அறுத்துவிடுங்கள், உள்ளே போனது கிடக்கட்டும். கிளைக்கும் கம்பிக்கும் நடுவே கயிறு எட்டுப் போல முறுக்கி வரவேண்டும், உள்ளே ஒரு விரல் நுழைய வேண்டும் என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்! பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிக் கட்டுங்கள், அது மரத்தோடு சேர்ந்து நெகிழும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்துப் புதிதாகக் கட்டுங்கள்.